ஐரோப்பா ரயில்: 29 யூரோ டிக்கெட் வாங்கி 22,117 ரூபாய் தொலைச்ச கதை

போன வாரம் "வெளிநாட்டு ட்ரிப்புக்கு எவ்வளவு சேர்க்கணும்" வீடியோவுல ரயில் செலவைப் பத்தி ரெண்டே நிமிஷம்தான் பேசினேன். அதுக்கு ஒரு காரணம் உண்டு. அந்த விஷயத்துல நான் நல்லா சூடு பட்டவன். கேமரா முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்தது. இங்கே எழுதிடறேன்.

2023 மே மாதம் நானும் மனைவியும் பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், ரோம்னு 12 நாள் திட்டம் போட்டோம். "ஐரோப்பாவுல ரயில் டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் வாங்குறோமோ அவ்வளவு மலிவு"ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதை அப்படியே நம்பி, விற்பனை திறந்த உடனே வாங்கிட்டேன். பாரிஸ்–சூரிச் ஆளுக்கு 49 யூரோ. சூரிச்–மிலான் 29. வெனிஸ்–ரோம் 40. ரெண்டு பேருக்கும் மொத்தம் 236 யூரோ. அன்னைக்கு யூரோ 90 ரூபாய். ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர்கிட்ட ஸ்கிரீன்ஷாட் காட்டிப் பெருமை வேற.

விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே ஏப்ரல் ஆயிடுச்சு. பாஸ்போர்ட் கைக்கு வந்தது, நாங்க கிளம்ப வேண்டிய தேதி முடிஞ்சு ஆறு நாள் கழிச்சு. விமான டிக்கெட்டைத் தேதி மாத்த முடிஞ்சது. ஹோட்டல் எல்லாம் இலவசமா ரத்து செய்யற வகை. ரயில் டிக்கெட் மூணும் "ரத்து இல்லை, மாற்றம் இல்லை" வகை. கார்டு கட்டணத்தையும் சேர்த்து 22,117 ரூபாய் போச்சு. அதே மூணு ரயிலுக்கு மறுபடி வாங்கினப்ப 412 யூரோ. மிலான்–வெனிஸ் மட்டும்தான் தப்பிச்சது, அதை வாங்க மறந்திருந்தேன்!

அடுத்தவங்க கணக்கைத் தணிக்கை செய்யறவன் நான். என் கணக்குல நான் கவனிக்காதது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த 29 யூரோ ரயிலுக்கு மட்டும் குடுத்த விலை இல்லை. "என் தேதி மாறாது"ன்னு நான் எழுதிக் குடுத்த உறுதிமொழிக்கும் சேர்த்துக் கிடைச்ச தள்ளுபடி. விசா கையில இல்லாத ஒருத்தர் அந்த உறுதிமொழியைக் குடுக்கவே கூடாது. அப்போ என்னதான் பண்றது? காத்திருந்தா விலை ஏறுமே? அதுக்குக் கணக்கு இருக்கு, வர்றேன்.

ஒரே ரயில், பல விலை

நம்ம ஊர்ல சென்னை–மதுரை ஸ்லீப்பர் டிக்கெட்டை 60 நாள் முன்னாடி எடுத்தாலும் ஒரு வாரம் முன்னாடி எடுத்தாலும் விலை ஒண்ணுதான். நம்ம கவலை எல்லாம் "கன்ஃபர்ம் ஆகுமா"ங்கறதுதான். தட்கல், பிரீமியம் தட்கல், ராஜ்தானி மாதிரி சில ரயில்களோட ஃப்ளெக்ஸி கட்டணம் தவிர விலை அசையாது.

ஐரோப்பாவோட அதிவேக ரயில்கள் அப்படி இல்லை. பிரான்ஸோட டி.ஜி.வி., ஜெர்மனியோட ஐ.சி.இ., இத்தாலியோட ஃப்ரெச்சாரோஸா, லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் எல்லாமே விமான டிக்கெட் மாதிரி. ஒவ்வொரு ரயில்லயும் மலிவு சீட்டுக்கு ஒரு எண்ணிக்கை ஒதுக்கி வெச்சிருப்பாங்க. அது தீர்ந்தா அடுத்த விலை, அதுவும் தீர்ந்தா அதுக்கும் அடுத்தது. வெள்ளி சாயங்காலமும் ஞாயிறும் சீக்கிரம் தீரும். செவ்வாய் மத்தியானம் மெதுவா தீரும். அதனால தேதியில கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிஞ்சா, ரெண்டு மாசம் முன்னாடி ஓடுறதைவிட அதுலயே நிறைய மிச்சமாகும்.

ஆனா உள்ளூர் ரயில்களுக்கு, அதாவது எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு போற ரீஜனல் ரயில்களுக்கு, பெரும்பாலும் நிலையான விலை. இத்தாலியில ரீஜனல் டிக்கெட்டை மூணு மாசம் முன்னாடி வாங்கறதுல பத்து பைசா லாபம் இல்லை. பிசா, வெரோனா மாதிரி பக்கத்து ஊர் போறதுக்கு அன்னைக்குக் காலையில வாங்கினா போதும். மெஷின்ல அடிச்ச காகித டிக்கெட்னா, ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்கற சின்ன பெட்டியில முத்திரை குத்த மறந்துடாதீங்க. அபராதம் கட்டற நம்ம ஆளுங்க நிறைய.

ஜப்பான் இதுக்கு நேர் எதிர். ஷிங்கான்சென் விலை சீசனுக்குக் கொஞ்சம் மாறுமே தவிர, கடைசி நேரத்துல வாங்கினாலும் இரட்டிப்பு ஆகாது. அங்கே முன்கூட்டியே வாங்கணும்ங்கற பதற்றமே வேண்டாம்.

இப்போ வாங்கலாமா, விசா வரட்டுமா?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஒரு டிக்கெட் இன்னைக்கு 29 யூரோ, ரத்து கிடையாது. விசா வந்த பிறகு வாங்கினா 39 ஆகும்னு ஒரு மதிப்பீடு. இன்னைக்கே வாங்கினா, ட்ரிப் நடந்தாலும் நடக்காட்டியும் 29 யூரோ போயிடும். காத்திருந்தா, ட்ரிப் நடந்தா 39, நடக்காட்டி பூஜ்ஜியம். நாலு தடவையில மூணு தடவை ட்ரிப் சொன்ன தேதியில நடக்கும்னு வெச்சுக்கோங்க. காத்திருக்கறதோட சராசரிச் செலவு 39-ல முக்கால் பங்கு, அதாவது 29 யூரோ சொச்சம். இன்னைய விலையும் அதேதான்.

அப்போ நீங்க உங்களைக் கேட்டுக்க வேண்டிய கேள்வி: என் தேதி மாற நாலுல ஒரு வாய்ப்புக்கு மேல இருக்கா? இருந்தா காத்திருக்கறது லாபம். முதல் தடவை ஷெங்கன் விசா, ஆபீஸ்ல லீவு இன்னும் அப்ரூவ் ஆகல, கூட வர்ற நண்பர் "பார்க்கலாம் மச்சி"ன்னு சொல்றார், இதுல ரெண்டு உங்களுக்குப் பொருந்தினாலே நாலுல ஒண்ணைத் தாண்டிடுவீங்க. விலை வித்தியாசம் பெருசா இருந்தா கணக்கு மாறும். 29 டிக்கெட் 59 ஆகப் போகுதுன்னா, தேதி மாற பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தால்கூட இன்னைக்கே வாங்கலாம். 29 வெறும் 33 ஆகும்னா, எட்டுல ஒரு சந்தேகம் இருந்தாலே காத்திருங்க. எக்ஸெல்ல போட்டுப் பாருங்க, ஒரு வரி ஃபார்முலாதான்.

அப்புறம் விசா விதியை நம்ம பக்கம் திருப்பணும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமா 15 நாள்ல வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். நான் செஞ்ச தப்பு ஜனவரியில டிக்கெட் வாங்கினது இல்லை. அதே ஜனவரியில விசாவுக்கு உட்காராம, ரயில் விலையையே பார்த்துட்டு இருந்ததுதான். மே பயணத்துக்கு ஜனவரியில விண்ணப்பிச்சிருந்தா, மார்ச்ல விசா கையில இருந்திருக்கும், ரயிலுக்கும் இன்னும் ரெண்டு மாசம் இருந்திருக்கும். விசாவுக்கு எழுதற பயணத் திட்டத்துல ரயில் நேரத்தைக் குறிப்பிடுறதுக்கு அந்த டிக்கெட்டை வாங்கியிருக்க வேண்டியது இல்லை. விசா கட்டணமே பெரியவங்களுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. அது மேல ரயில் நஷ்டம் வேற எதுக்கு?

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சொல்வீங்க. நானும் சொன்னேன். ட்ரிப் ரத்துக்குப் பணம் தர்ற பாலிசிகள்ல பலதும் விசா மறுப்பு, விசா தாமதத்தை விலக்குப் பட்டியல்ல வெச்சிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு அப்புறம் நம்புங்க.

நடுவுல ஒரு வழியும் இருக்கு. ஜெர்மனியில மலிவு டிக்கெட்லயே ரெண்டு வகை. சூப்பர் ஸ்பார்பிரைஸ் ரத்து செய்யவே முடியாது. ஸ்பார்பிரைஸ் அதைவிடக் கொஞ்சம் கூட, ஆனா பயண நாளுக்கு முந்தின நாள் வரை 10 யூரோ பிடிச்சுட்டு மீதியைத் தருவாங்க. அந்த சில யூரோ வித்தியாசம்தான் உண்மையான இன்ஷூரன்ஸ் பிரீமியம். விசாவுக்கு முன்னாடி வாங்கியே ஆகணும்னா இந்த வகையைத் தேடுங்க. பெயர் நாட்டுக்கு நாடு மாறும், ஆனா கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் இப்படி ஒரு நடு வகை உண்டு.

பாஸ் வாங்கினா எல்லாம் தீர்ந்துடுமா?

"யூரெயில் பாஸ் ஒண்ணு வாங்கிட்டா ஐரோப்பா முழுக்க இலவசம்"னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. இலவசம் எல்லாம் இல்லை. ஒரு மாசத்துல ஏதாவது நாலு நாள் பயணம் செய்யற இரண்டாம் வகுப்பு பாஸ், 28 வயசு முடிஞ்சவங்களுக்கு சுமார் 280 யூரோ. 27 வயசு வரைக்கும் இளைஞர் விலை, கால் பங்கு குறைவு. அதாவது ஒரு பயண நாளுக்கு சுமார் 70 யூரோ. அதுக்கு மேல, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினோட அதிவேக ரயில்கள்ல பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷன் கட்டாயம், தனிக் காசு. இத்தாலியில 10 யூரோவுக்கு மேல. யூரோஸ்டார்ல 30 யூரோவைத் தொடும், பாஸ்காரங்களுக்குன்னு ஒதுக்கின சீட்டும் கம்மி.

ஆக இத்தாலியில ஒரு பாஸ் நாளோட அடக்க விலை 80 யூரோ. ரோம்–ஃப்ளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், முன்கூட்டியே எடுத்தா அதுல பாதிகூட ஆகாது. ஏன்னா அங்கே அரசோட ட்ரெனிட்டாலியாவும், 2012-ல வந்த தனியார் நிறுவனம் இட்டாலோவும் ஒரே தண்டவாளத்துல போட்டி போடுது. ஸ்பெயின்ல மேட்ரிட்–பார்சலோனா பாதையில ரென்ஃபே, விகோ, இரியோன்னு மூணு கம்பெனி. போட்டி இருக்கற பாதையில பாஸை மறந்துடுங்க, ரெண்டு மூணு கம்பெனி தளத்தையும் திறந்து பாருங்க.

பாஸ் எங்கே ஜெயிக்கும்? ரிசர்வேஷன் கட்டாயம் இல்லாத ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து. அதுவும் "மழை பெய்தா இந்த ஊர், வெயில் அடிச்சா அந்த ஊர்"னு காலையில முடிவு செய்யற ஆளா இருந்தா. தேதி நிச்சயம் இல்லாதவங்களுக்கு அது உண்மையிலேயே நல்ல பொருள்.

ஜப்பான் பாஸ் பத்தி ஒரு திருத்தம் சொல்லணும். நம்ம சேனல்லயே ஒரு பழைய வீடியோவுல "ஜே.ஆர். பாஸ் கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னு சொல்லியிருக்கேன். அப்போ ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோ–கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென். கூட ஒரு சின்ன பயணம் போனாலே லாபம். 2023 அக்டோபர் 1 முதல் அதே பாஸ் 50,000 யென். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் போற வழக்கமான ட்ரிப்புக்கு இப்போ அது நஷ்டம். ஹிரோஷிமா மாதிரி தூரத்து ஊருக்கும் அதே ஏழு நாளுக்குள்ள போய்வந்தாதான் கணக்கு நெருங்கும். அந்த வீடியோவுல பின் செஞ்சு ஒரு குறிப்பு போட்டிருக்கேன், இருந்தாலும் யாராவது அதைப் பார்த்து வாங்கியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

உள்ளூர்க்காரங்க வாங்கற டிக்கெட்

ஜெர்மனியில 2023 மே மாதம் 49 யூரோவுக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 2025-ல 58 ஆச்சு, 2026-ல 63. ஒரு மாசத்துக்கு நாடு முழுக்க ரீஜனல் ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாம் அடக்கம். ஐ.சி.இ. மாதிரி தூர ரயில்கள் சேராது. பத்து நாள் ஜெர்மனியில சுத்தினாலே உள்ளூர் பஸ், மெட்ரோ காசோட சேர்த்து போட்ட பணம் வந்துடும். ஆனா ஒரு கண்ணி இருக்கு: இது மாதச் சந்தா. அந்த மாசம் 10-ஆம் தேதிக்குள்ள ரத்து செய்யலைன்னா அடுத்த மாசமும் கார்டுல பிடிப்பாங்க. நீங்க சேலத்துல உட்கார்ந்திருப்பீங்க, மியூனிக் டிராமுக்குக் காசு போயிட்டிருக்கும்.

மியூனிக் பக்கம் மட்டும் போறவங்களுக்கு பயர்ன் டிக்கெட் இன்னும் எளிது. ஒரே டிக்கெட்டை ஐந்து பேர் வரை பகிர்ந்துக்கலாம், எல்லை தாண்டி ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க் வரை செல்லும். வார நாள்ல காலை 9 மணிக்கு மேலதான் செல்லும், அவ்வளவுதான்.

ஆன்சைட்ல இங்கிலாந்து போற ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு விஷயம். அங்கே ரயில் விலை கண்ணைக் கட்டும். 26–30 ரெயில்கார்டு வருஷத்துக்கு 35 பவுண்ட், பெரும்பாலான டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். அதாவது 105 பவுண்டுக்கு மேல பயணம் செஞ்சாலே லாபம். கணவன்-மனைவி சேர்ந்து போனா டூ டுகெதர் கார்டு, அதே விலை. அப்புறம் ஸ்ப்ளிட் டிக்கெட். லண்டன்லேர்ந்து ஒரு ஊருக்கு ஒரே டிக்கெட்டா எடுக்காம, வழியில அந்த ரயில் நிக்கிற ஸ்டேஷன்ல பிரிச்சு ரெண்டு டிக்கெட்டா எடுத்தா சில நேரம் மலிவு. அதே ரயில், பல நேரம் அதே சீட், இறங்கவே வேண்டாம். முழுக்க சட்டப்படி சரி.

ஐரோப்பாவுல எல்லை தாண்டற ரயில்லயும் இப்படி ஒரு விஷயம் உண்டு. பெர்லின்–ப்ராக் ரயிலை ஜெர்மன் ரயில்வேயும் விக்கும், செக் ரயில்வேயும் விக்கும். விலை ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. ரெண்டு தளத்துலயும் பாருங்க. எந்தப் பாதைக்கு எந்தத் தளம்னு தெரியலைன்னா, முன்னாள் பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர் மார்க் ஸ்மித் நடத்தற சீட் 61 தளம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வரை இதுல அவரை மிஞ்ச ஆள் இல்லை.

விலையைப் பார்க்கும்போதே பெட்டியையும் ஸ்டேஷனையும் பாருங்க. பிரான்ஸோட மலிவு ரயில் விகோவுல சின்னப் பெட்டிக்கு மேல கொண்டுபோனா தனிக் காசு. நம்ம ஆளுங்க ரெண்டு பெரிய பெட்டி, அதுல ஒண்ணு முழுக்கப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும்! அதோட சில விகோ ரயில்கள் பாரிஸ் நடுவுலேர்ந்து கிளம்பாம, டிஸ்னிலேண்ட் பக்கத்துல இருக்கற மார்ன்-லா-வல்லே ஸ்டேஷன்லேர்ந்து கிளம்பும்.

கார்டு கட்டணம்

சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுக் கரன்சிக்கு மார்க்-அப் 3.5 சதவீதம், அது மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 4.13. கணக்குக்கு எளிதா யூரோ 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 300 யூரோ டிக்கெட்டுக்கு 1,239 ரூபாய். மார்க்-அப் இல்லாத கார்டு ஒண்ணு நண்பர்கிட்ட இருந்தாலும் சரி. பணம் கட்டும்போது "ரூபாயில செலுத்தவா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி யூரோவுலயே கட்டுங்க, ரூபாய்னு அழுத்தினா மாற்று விகிதத்துல தனியா ஒரு வெட்டு விழும். பணம் போகவே மாட்டேங்குதுன்னா, வங்கி ஆப்ல வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாடு ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. 2020 அக்டோபர்லேர்ந்து புதுக் கார்டுகள்ல அது மூடியே வரும்.

டி.சி.எஸ். பயம் வேண்டாம். தனியா ரயில் டிக்கெட் மட்டும் வாங்கறது டூர் பேக்கேஜ் ஆகாது.

பெயர் விஷயம். நம்மள்ல நிறைய பேர் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, இனிஷியலை விரிச்சு எழுதின அப்பா பெயர்தான். ரயில் தளம் ரெண்டாவது பெயரைக் கேட்டு அடம் பிடிக்கும். நான் பாஸ்போர்ட்ல இருக்கற கிவன் நேமையே ரெண்டு கட்டத்துலயும் போடறேன். ஜெர்மனியில டிக்கெட்டோட அடையாள அட்டையையும் கேட்பாங்க, அதனால ஆபீஸ் பெயர், செல்லப் பெயர் எல்லாம் வேண்டாம்.

ரயில் தாமதமானா பணம் திரும்பக் கேளுங்க. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேர வேண்டிய ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதம்னா டிக்கெட் விலையில 25 சதவீதம், ரெண்டு மணி நேரம்னா 50. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனா கேட்காம விடறவங்கதான் அதிகம். வழியில ரயில் மாறணும்னா, முடிஞ்ச வரை ஒரே டிக்கெட்டா வாங்குங்க. தனித்தனியா வாங்கினா, முதல் ரயில் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டா அந்த நஷ்டம் உங்க தலையில.

இப்போ அக்டோபர்ல வியன்னா, ப்ராக் போறதா இருக்கோம். இந்த முறை விசாவுக்கு முதல்ல உட்கார்ந்தாச்சு, பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரல. வியன்னா–ப்ராக் மட்டும் ரத்து செய்யற வகையில எடுத்து வெச்சிருக்கேன். ப்ராக்–பெர்லின் எடுக்கல. முதல்ல பார்த்ததுலேர்ந்து அது 9 யூரோ ஏறியிருக்கு. மனைவி தினமும் காலையில காபியோட அந்த விலையைப் பார்த்துட்டு என்னைப் பார்க்கறாங்க.